உப்பைக் குறைக்கத் துணை நின்ற எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

பருத்திப் பின்னல் துணிக்கு உப்பில்லாமல், முடியாவிட்டால் முடிந்தவரை குறைந்த உப்பில், ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும் சாயம்) ஏற்றுவது எப்படி? என் ஆராய்ச்சிக் காலத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியோடுதான் போயிற்று. பணி ஓய்வை ஒட்டி இந்த மடலை எழுதுகிறேன். பெயர்களைப் பட்டியல் போட்டால் யாராவது விட்டுப்போவார்கள். அதனால் யார் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை வைத்தே நன்றி சொல்கிறேன். உரியவருக்குப் படிக்கும்போதே புரிந்துவிடும். பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று அளவுகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

முதல் நன்றி, உப்புக் கணக்கை ஒளிக்காமல் காட்டிய திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு. 500 கிலோ துணி, 1:8 நீர் விகிதம் (கிலோவுக்கு 8 லிட்டர்) என்றால் மிஷினில் 4,000 லிட்டர் தண்ணீர். கருப்பு, நேவி, மெரூன் மாதிரி அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு, ஆக ஒரே லாட்டுக்கு 320 கிலோ. சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது; அத்தனையும் சாயத் தண்ணீரோடு வடிகாலுக்கு வந்துவிடும். வெளியே விடும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதி. சாயத் தொட்டியிலிருந்து இறங்கும் முதல் தண்ணீரில் உப்பு மட்டுமே 80,000 மில்லிகிராம்; சாயத்தைப் பிணைக்கப் போடும் காரமான சோடா தனி. நுண்ணுயிர்த் தொட்டி நிறத்தைக் குறைக்கும், உப்பைத் தொடாது. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரி 28 அன்று வந்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகள் மூடப்பட்டபோது, உப்பு என்பது வெறும் ஆராய்ச்சிக் கட்டுரை விஷயமாக இருந்த காலம் முடிந்துபோனது. அதற்குப் பிறகும் “வாங்க, நம்ம மிஷின்ல ஒரு லாட் போட்டுப் பாருங்க” என்று கதவைத் திறந்துவிட்டவர்களை மறக்க முடியாது. சோதனை லாட் கெட்டால் போவது அவர்கள் துணி, அவர்கள் பணம்.

நேரில் பார்த்தேயிராத சிலருக்கும் நன்றி உண்டு. 1956-இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீஃபன் இருவரின் வேலையிலிருந்து புரோசியான் சாயங்கள் சந்தைக்கு வந்தன. காரத்தில் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியோடு சாயமே வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்ளும் என்பதைத் தொழிலாக்கிக் காட்டினார்கள். அதே ஹைட்ராக்சிலில் சாயத்துக்கு முன்பே ஒரு நேர்மின்னேற்றத் தொகுதியைக் கட்டிவைத்தால் என்ன என்ற யோசனையைப் பலர் தொடர்ந்தார்கள். லீட்ஸில் டேவிட் லூயிஸ், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹாசர் ஆகியோரின் ஆய்வுகள் எங்களுக்கு வழித்தடம் போட்டுத் தந்தன.

விஷயம் இதுதான். நனைந்த பருத்தியின் மேற்பரப்பில் லேசான எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ரியாக்டிவ் சாயமும் சல்ஃபோனேட் தொகுதிகளால் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள சோடியம் அயனிகள் இடையில் புகுந்து அந்தத் தள்ளலை மட்டுப்படுத்துகின்றன. துணியையே நேர்மின்னேற்றம் உள்ளதாக மாற்றிவிட்டால் சாயம் தானாக வந்து ஒட்டும், உப்புக்கு வேலையில்லை. இதற்கான கெமிக்கல், குளோரோ ஹைட்ராக்சி புரோப்பைல் டிரைமெத்தில் அம்மோனியம் குளோரைடு. பட்டறையில் எல்லோரும் “கேட்டயானிக்” என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். காஸ்டிக் காரம் சேர்ந்ததும் இது எபாக்சைடாக மாறி செல்லுலோஸைப் பிடிக்கிறது. பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதே, அதையும் பிடிக்கிறது. தண்ணீரைப் பிடித்தது அத்தனையும் வீண். ரியாக்டிவ் சாயத்துக்கும் இதே தலைவலிதான்.

அதனால்தான் சாயத் தொட்டியிலேயே கேட்டயானிக்கை ஊற்றி ஏற்றும் முறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இந்தக் கெமிக்கலுக்குத் துணிமேல் பெரிய நாட்டம் கிடையாது. எட்டுப் பங்கு தண்ணீரில் மிதந்தபடி பெரும்பாலும் தண்ணீரோடேயே வினைபுரிந்துவிடும். பேடிங் மாங்கிள் என்ற உருளை மிஷினில் தோய்த்துப் பிழிந்து, சுருட்டி, குளிரிலேயே ஊறவைப்பதுதான் சரி. இந்த முறையை நிலைநிறுத்திக் கொடுத்த மாங்கிள் ஆப்பரேட்டர் அண்ணன்களுக்கு அடுத்த நன்றி. அவர்கள் கையில் படிந்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

துணி நன்றாக ஸ்கவர் ஆகியிருக்க வேண்டும், அதாவது மெழுகும் எண்ணெயும் போகக் கழுவியிருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஓரிரு நொடியில் உறிஞ்ச வேண்டும். குழாய்த் துணியை வெட்டி அகலவாக்கில் விரித்துத்தான் ஓட்ட வேண்டும். கரைசலில் லிட்டருக்கு 65 சதவீதக் கேட்டயானிக் 60 கிராம், காஸ்டிக் 15 முதல் 16 கிராம். காஸ்டிக்கைத் தனியாகக் கரைத்து, சூடு முழுக்க ஆறிய பிறகே கலக்க வேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றினால் மாங்கிளுக்குப் போகும் முன்பே பாதிக் கெமிக்கல் செத்துவிடும். இரண்டையும் தனித்தனித் தொட்டியில் வைத்து டோசிங் பம்பில் ஓடும்போதே கலப்பது இன்னும் நல்லது. பிழிவு 80 சதவீதம், அதாவது ஒரு கிலோ துணியில் 800 கிராம் கரைசல் நிற்க வேண்டும். பிறகு பாலித்தீன் சுற்றி, உருளையை நிமிடத்துக்கு 5 முதல் 10 சுற்று மெதுவாகச் சுழலவிட்டு, 18 முதல் 24 மணி நேரம். சுழற்சி நின்றால் கரைசல் அடிப்பக்கம் இறங்கித் திட்டு விழும். பாலித்தீன் கிழிந்தால் அந்த ஓரம் காய்ந்து தனி நிறம் காட்டும். கடைசியில் குளிர்நீரில் இரண்டு அலசல், அசிட்டிக் அமிலம் கொடுத்து பிஎச் 6 முதல் 6.5-க்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

ஒற்றைப் பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியின் ஓரம் சுருளும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுருண்ட ஓரம் மாங்கிளில் இரட்டைத் துணியாக நுழைந்து இரட்டைக் கரைசலை வாங்கிக்கொள்ளும், சாயம் போட்டபின் நீளவாக்கில் ஒரு கருங்கோடு விழும் என்பதை எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை. ஓரத்துக்கு விரிப்பான் உருளை போட்டு, அது போதாத இடத்தில் பசை தடவிய ஓரத்தோடு துணியை அனுப்பச் சொல்லித் தீர்த்தவர்கள் இவர்கள். இடது, நடு, வலது என மூன்று இடத்தில் துண்டு வெட்டி, பிழிவுக்கு முன்னும் பின்னும் எடை போட்டு, வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் வரும்வரை மாங்கிள் அழுத்தத்தைச் சரிசெய்யும் பழக்கமும் அவர்களுடையதே. எபாக்சைடு, புற்றுநோய் ஐயம் உள்ள பொருள். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இல்லாமல் அந்தத் தொட்டிப் பக்கம் யாரையும் விடாத மேற்பார்வையாளர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

துணியில் கட்டியது எவ்வளவு என்பதற்குக் கேட்டயானிக்கில் உள்ள நைட்ரஜன்தான் சாட்சி. மேலே சொன்ன அளவில் ஒரு கிலோ துணி 800 கிராம் கரைசல் எடுக்கும். அதில் கேட்டயானிக் 48 கிராம், அதற்குள் உண்மையான சரக்கு 31 கிராம். மொத்தமும் செல்லுலோஸோடு கட்டினால் துணியில் நைட்ரஜன் 0.23 சதவீதம் ஏற வேண்டும். அதில் பாதிக்கு மேல் கிடைத்தால் நல்ல வேலை. நைட்ரஜனை அளக்கும் கெல்டால் முறையில் இவ்வளவு சிறிய அளவைச் சலிக்காமல் எடுத்துக்கொடுத்த ஆய்வக உதவியாளர்கள் இல்லையென்றால், காஸ்டிக் அளவைச் சரிக்கட்டியிருக்கவே முடியாது. காஸ்டிக் குறைந்தால் எபாக்சைடு உருவாகாது. கூடினால் தண்ணீர்ப் பக்க வினை முந்திக்கொள்ளும். ரோல் சூடேறினால் மீன் கவிச்சி வீசும். டிரைமெத்தில் அமைன் பிரிந்து வெளியேறுகிறது என்று அர்த்தம்.

இனி டையிங் மாஸ்டர்கள். இந்த மடலை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உப்பில்லாமல் சாயம் ஏற்றுவது வேதியியலில் எளிது. பீக்கரில் எவரும் செய்துவிடலாம். 500 கிலோ துணியில் தலைப்பும் முடிவும், ஓரமும் நடுவும் ஒரே ஷேடாக வருவதுதான் கஷ்டம். உப்பு போடும் முறையில் ஏற்றத்தின் கடிவாளம் மாஸ்டர் கையில் இருக்கிறது: உப்பைப் பிரித்துப் போட்டால் சாயம் மெல்ல ஏறும். கேட்டயானிக் துணியிலோ சாயம் பாய்ந்து ஒட்டும். முதல் பத்து நிமிடத்திலேயே தொட்டித் தண்ணீர் வெளுத்துவிடுவதைப் பார்த்து ஆராய்ச்சியாளன் சந்தோஷப்படுவான், மாஸ்டர் முகம் வாடும். மிஷினில் கயிறுபோல் ஓடும் துணியில், முதலில் சாயத்தைச் சந்தித்த கயிற்றுப் பகுதி குடித்துவிட்டது, பின்னால் வந்த பகுதிக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அவர்கள் சொன்ன தீர்வுகள் ஒவ்வொன்றும் நின்றன. துணி மிஷினில் ஒரு சுற்று வர இரண்டு முதல் இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. அதற்கேற்ற எடைதான் ஒவ்வொரு கயிற்றிலும் போட வேண்டும். ஆரம்பம் 30 டிகிரி. சாயத்தை ஒரேயடியாக இறக்காமல் 30 முதல் 40 நிமிடம் டோசிங்கில் விட வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 60-க்கு ஏற்றி, சோடாவையும் முதலில் சொட்டுச் சொட்டாகவும் கடைசியில் வேகமாகவும் 40 நிமிடத்தில் கொடுக்க வேண்டும். டர்க்காய்ஸ் (நீலப்பச்சை) சாயம் இருந்தால் இது போதாது. மூலக்கூறு பெரியது, வெளித்தோலிலேயே உட்கார்ந்து இழையின் நடுப்பகுதி வெளுப்பாக நிற்கும், உரசினால் நிறம் வரும். அந்த ஷேடுக்கு கேட்டயானிக் அளவைப் பாதியாக்கி, 80 டிகிரியில் கூடுதல் நேரம் ஓட்டுங்கள் என்றார் ஒரு மூத்த மாஸ்டர். குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

இன்னொரு மாஸ்டர், ஏற்றம் கட்டுக்கடங்காமல் போகும் மென்நிறத்துக்கு “லிட்டருக்கு அஞ்சு கிராம் குளோபர் உப்பு போடுங்க சார், அடங்கும்” என்றார். குளோபர் உப்பு என்பது சோடியம் சல்ஃபேட். சாதாரணப் பருத்தியில் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடும் உப்பு, கேட்டயானிக் பருத்தியில் சல்ஃபேட் அயனியாகச் சாயத்தின் இடத்தைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. கம்பளிக்கு அமிலச் சாயம் போடுகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. உப்பை விரட்டப் போனவனுக்கு உப்பையே மருந்தாகக் கொடுத்தார்கள்!

சாயம் போடும் முன்பே தவறைக் கண்டுபிடிக்கும் வழியும் பட்டறையில் பிறந்ததுதான். கேட்டயானிக் முடிந்த ஒவ்வொரு ரோலிலும் தலைப்பு, நடு, கடைசி என முழு அகலத்துக்கு ஒரு சாண் துணி வெட்டி, மிக நீர்த்த அமிலச் சாயக் கரைசலில் குளிரிலேயே ஐந்து நிமிடம் போட்டு அலச வேண்டும். சாதாரணப் பருத்தி அமிலச் சாயத்தைப் பிடிக்காது. கேட்டயானிக் ஏறிய இடம் மட்டும் பிடிக்கும். திட்டு, கோடு, ஓரக் கருமை எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அந்த ரோலை அடர்நிற லாட்டிலிருந்து எடுத்து வைத்துவிடலாம். எத்தனையோ டன் துணியைக் காப்பாற்றிய சோதனை இது. செலவு ஒரு சாண் துணியும் ஒரு சிட்டிகைச் சாயமும்தான்.

கெமிக்கல் கம்பெனிகளின் டெக்னிக்கல் ஆட்களில் விற்பனையை ஒதுக்கிவைத்து உண்மை பேசியவர்களுக்கும் நன்றி. துணியை நனைக்கும் சாதாரண வெட்டிங் ஆயிலும் சாயத்தைப் பரப்பும் டிஸ்பர்சிங் ஏஜென்ட்டும் பெரும்பாலும் எதிர்மின்னேற்ற வகை; கேட்டயானிக் துணி சாயத்துக்குப் பதில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், அந்த இடம் வெளுத்துப் புள்ளி விழும். கேட்டயானிக்குக்குப் பின் தொட்டியில் போகும் எதுவும் நான்-அயானிக்காக, அதாவது மின்னேற்றம் இல்லாததாக, இருக்க வேண்டும் என்று தங்கள் கம்பெனியின் சரக்கையே வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்கள். வெண்மைக்குப் போடும் ஆப்டிக்கல் பிரைட்னரும் இதே கணக்குத்தான். முந்தின லாட்டின் மிச்சம் மிஷினில் இருந்தாலே துணி அதைக் கவ்வும்.

லேப் டிப் போடும், அதாவது ஆய்வகத்தில் சிறு துண்டில் நிறம் போட்டுப் பார்க்கும், அக்கா, தங்கச்சிகளின் பொறுமைக்கு என்ன சொல்வது? 5 கிராம் துணி, 2 சதவீத ஷேடு (துணி எடையில் 2 சதவீதம் சாயம்), ஒரு சதவீத ஸ்டாக் கரைசல் என்றால் 10 மில்லி எடுக்கலாம், பிரச்சினையில்லை. அதே துணிக்கு 0.1 சதவீத ஷேடு என்றால் அரை மில்லிதான். பிப்பெட்டில் 0.05 மில்லி பிசகினாலும் பத்து சதவீதப் பிழை. அதற்கு 0.1 சதவீத ஸ்டாக் தனியாகக் கரைத்து 5 மில்லி எடுக்கும் ஒழுங்கை ஒரு நாள்கூட அவர்கள் தளர்த்தவில்லை. வினைல் சல்ஃபோன் வகை ரியாக்டிவ் சாய ஸ்டாக்கைத் தினமும் புதிதாகக் கரைப்பதும் அப்படித்தான். கேட்டயானிக் துணிக்குப் பழைய ரெசிபி எதுவும் பொருந்தாது. அதே அளவு சாயம் கூடுதல் அடர்த்தி கொடுக்கும். ஆனால் மஞ்சளும் சிவப்பும் நீலமும் ஒரே அளவில் கூடுவதில்லை, டோன் திரும்பிவிடும். கம்ப்யூட்டர் கலர் மேட்சிங்குக்குச் சாதாரணப் பருத்தியின் தரவைக் கொடுத்தால் அது தப்பான ரெசிபியையே நம்பிக்கையோடு சொல்லும். ஒவ்வொரு சாயத்தையும் பத்து அடர்த்தியில், கேட்டயானிக் துணியில், முதலிலிருந்து போட்டு தரவைப் புதிதாகக் கட்டினார்கள். டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை வெளிச்சம்) இரண்டு விளக்கிலும் பார்த்து, இரண்டிலும் ஒத்துப்போகாததை மீண்டும் போட்டார்கள். அலுத்துப்போக வைக்கும் வேலை. அதில்தான் எல்லாம் நிற்கிறது.

தரச் சோதனை ஆய்வகத்தார் சொன்ன இரண்டு விஷயங்கள் என் முடிவுகளைத் திருத்தின. முதலாவது, சாயம் போட்டபின் சோப்பில் அலசும் சோப்பிங் தண்ணீர் தெளிவாக வந்தால் சாயம் நன்றாகப் பிணைந்துவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது. சாதாரணத் துணியில் அது ஓரளவு சரி. கேட்டயானிக் துணியில், பிணைப்புத்திறன் இழந்த சாயமும் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் தெளிந்தே இருக்கும். டைமெத்தில் ஃபார்மமைடும் தண்ணீரும் சமமாகக் கலந்து, அதில் துண்டைக் கொதிக்கவைத்து, எவ்வளவு கழல்கிறது என்று அளந்தால்தான் உண்மை தெரியும். இந்தச் சோதனை இல்லாமல் “பிணைப்பு 95 சதவீதம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாவது, ஒளி உறுதி. வெளிச்சத்தில் நிறம் மங்குவதை அளக்கும் நீலக் கம்பளி அளவுகோலில், கேட்டயானிக் துணியில் சில சாயங்கள் அரைப் படி முதல் ஒரு படி வரை இறங்கக்கூடும். வெயிலில் காயும் துணிக்கு இது சின்ன விஷயமில்லை. விளையாட்டு உடைக்கான ஆர்டர்களில் சாயத் தேர்வையே இதனால் மாற்ற வேண்டியிருந்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்து ஆப்பரேட்டர்களுக்கு நான் பட்ட கடன், அவர்கள் என் ஆராய்ச்சியைக் கேள்வி கேட்டதற்காக. சாய நீரைச் சவ்வுகளில் வடித்து, உப்புக் கரைசலைப் பிரித்து, மறுபடி சாயத்துக்கே கொடுக்கும் வேலை இங்கே நடக்கிறது. நானோ வடிகட்டிச் சவ்வு சல்ஃபேட்டை நிறுத்தும், குளோரைடைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் நிலையத்துக்கு உட்பட்ட பட்டறைகள் எல்லாம் குளோபர் உப்புக்கு மாறினால் மீட்பது சுலபம். நாலு பட்டறை சாதா உப்பு (சோடியம் குளோரைடு) போட்டாலே கடைசியில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவியும். மீட்ட உப்புநீரில் சோடாவின் காரம் மிச்சமிருந்தால் சாயம் ஏறும்போதே பிணைந்து திட்டு விழும். அமிலம் கொடுத்து பிஎச் சரிபார்த்த பிறகே மிஷினுக்கு எடுக்க வேண்டும். இதெல்லாம் அவர்கள் பாடம். “உப்பை நாங்க திருப்பித் தர்றோம், உங்க கெமிக்கல் எங்க சவ்வுக்கு என்ன செய்யும்?” என்று அவர்கள் கேட்டது நியாயம். கேட்டயானிக் பாலிமர்கள் எதிர்மின்னேற்றம் கொண்ட சவ்வில் படிந்து அடைக்கும். அதனால்தான் பாலிமர் வகைகளைக் கைவிட்டு, இழையோடு கட்டிவிடும் சிறு மூலக்கூறோடு நின்றோம். பேடிங்குக்குப் பின் வரும் முதல் அலசல் தண்ணீரையும் தனித் தொட்டியில் பிடிக்கிறோம்.

அவர்களோடு பேசிப் பேசி நான் வந்து சேர்ந்த முடிவைச் சொல்லிவிடுகிறேன். மென்நிறத்துக்குக் கேட்டயானிக் தேவையில்லை. அங்கே லிட்டருக்கு 20, 30 கிராம் உப்புதான் போகிறது, சீர்மை போகும் ஆபத்து அதைவிடப் பெரிது. அடர்நிறத்துக்கு, அதுவும் ஒரே ஷேடு பெரிய ஆர்டராக ஓடும்போது, லாபம் உண்டு: உப்பும் மிச்சம், சாயமும் குறையும், அலசல் தண்ணீரும் குறையும். இதற்கெல்லாம் முன்பாக, 1:10-இல் ஓடும் பழைய மிஷினை 1:5 மிஷினாக மாற்றினாலே உப்பு பாதியாகிவிடும். அதில் வேதியியலாளனுக்கு வேலையில்லை, ஆனாலும் நான் முதலில் சொல்லும் யோசனை அதுதான். கேட்டயானிக்குக்குப் பதிலாக, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டார்கள். மேற்பரப்பிலேயே படிகிறது, துணி விறைக்கிறது. பின்னலாடைக்கு அது சரிவரவில்லை.

நூல் லாட் கலக்காமல் ஒதுக்கித் தந்த ஸ்டோர் ஆட்கள், பெராக்சைடு மிச்சத்தை ஒவ்வொரு லாட்டிலும் சோதனைப் பட்டை வைத்துப் பார்த்த பிளீச்சிங் ஷிஃப்டுகள், நடுராத்திரியில் ரோல் சுழல்கிறதா என்று எட்டிப்பார்த்த காவலாளிகள், ஆய்வேட்டை வரிவரியாகத் திருத்திய என் வழிகாட்டி, கூடவே உழைத்த மாணவர்கள், கேள்வி கேட்காமல் நேரம் தந்த என் வீட்டார், எல்லோருக்கும் நன்றி.

சோதனைத் தாள்கள், கேட்டயானிக் துணிக்கான கலர் மேட்சிங் தரவு, ஷேடு துண்டுகள் ஒட்டிய நோட்டுகள் அத்தனையும் ஆய்வகத்தில் ஒப்படைத்துவிட்டேன். எந்தப் பட்டறையும் வந்து பார்த்து நகல் எடுத்துக்கொள்ளலாம். மேலே எழுதிய அளவுகளை நேராக மிஷினில் போடாதீர்கள். உங்கள் தண்ணீர், உங்கள் துணி, உங்கள் மாங்கிளுக்கு முதலில் அரைக் கிலோவில், அடுத்து ஒரு சிறு ரோலில் போட்டு, அமிலச் சாயத் துண்டை ஒரு தடவை பார்த்துவிட்டு முழு லாட்டுக்குப் போங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஊறும் நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். ரோலின் உள்ளே ஒரு வெப்பமானியைச் செருகி வையுங்கள்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற சாய வேதியியலாளர்,
திருப்பூர்